பேச்சில்லை, மூச்சுண்டு: கோமாவிலும் மூளைச்சாவிலும் மூளை அலைகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கிறார்" என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பேச்சு போய்விட்டது, மூச்சு தானாக ஓடுகிறது என்றால் அது கோமாவாக இருக்கலாம். பேச்சும் போய், சொந்த மூச்சும் போய், வென்டிலேட்டர் தள்ளும் காற்றில் நெஞ்சு ஏறி இறங்குகிறது என்றால் அது மூளைச்சாவாக, அதாவது மூளை மீளவே முடியாமல் செயலிழந்த நிலையாக இருக்கலாம். அளவு மீறிய தூக்க மருந்தாகவும் இருக்கலாம். மருந்தில் கிடப்பவர் ஓரிரு நாளில் எழுந்து உட்காரக்கூடும். கட்டிலருகே நிற்கும் உறவினருக்கு மூவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் தலையில் கம்பிகளை ஒட்டி ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வருகிறது. "அலைகள் பரவலாக மந்தமாக உள்ளன" என்று ஒரு வரி. வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் கையில் அந்தத் தாள் போய்ச் சேரும். விளக்கம் பல நேரம் சேராது. அந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது, எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். அவருடைய முடிவுக்கு மாற்று ஆகாது.

போவதற்கு முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அலை ஓடுகிறது என்பதற்காக நினைவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோடு தட்டையாகிவிட்டது என்பதற்காக உயிர் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. இனி வருவதெல்லாம் ஏன் அப்படி என்பதற்கான விளக்கம்தான்.

## படி 1: விழிப்பையும் அறிவையும் பிரியுங்கள்

சுயநினைவு என்கிற சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று விழிப்பு: கண் திறப்பது, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வருவது. மற்றொன்று அறிவு: நான் இருக்கிறேன், எதிரில் இன்னார் நிற்கிறார் என்று உணர்வது.

விழிப்புக்கான விசை மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் இருக்கிறது. 1949இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர் மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில் வலைபோலப் பின்னியிருக்கும் நரம்புத் தொகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். மந்தமாக ஓடிக்கொண்டிருந்த மூளை அலைகள் விழித்திருக்கும் விலங்கின் அலைகளாக மாறின. அறிவுக்கு இந்த விசை மட்டும் போதாது. பெருமூளையின் வெளி அடுக்கான புறணியும் அதன் அடியில் செய்திகளைக் கடத்தும் மையமான தலாமஸும் இடைவிடாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

கோமாவில் விழிப்பும் இல்லை, அறிவும் இல்லை. கிள்ளினாலும் கண் திறக்காது. பெரும்பாலும் இது 2 முதல் 4 வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் நோயாளி தேறத் தொடங்குவார், இறந்துபோவார், அல்லது வேறொரு நிலைக்கு நகர்வார். "பத்து வருடம் கோமாவில் இருந்தார்" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் அந்த வேறொரு நிலைதான்.

அந்த நிலையில் விழிப்பு திரும்பிவிடும், அறிவு திரும்பாது. கண் திறந்திருக்கும், கொட்டாவி வரும், இரவில் தூங்குவார், ஆனால் யாரையும் பார்க்க மாட்டார். 1972இல் ஜென்னட்டும் பிளம்மும் இதற்குத் தாவர நிலை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். மனிதரைச் செடிகொடியோடு சேர்ப்பது சரியில்லை என்பதால் 2010இல் எதிர்வினையற்ற விழிப்புநிலை என்று மாற்றுப் பெயர் முன்வைக்கப்பட்டது. அறிவு விட்டுவிட்டுத் தலைகாட்டினால், அதாவது கண்ணாடியில் தன் முகத்தைக் கண் தொடர்ந்து பார்த்தால், எப்போதாவது சொன்னபடி விரலை அசைத்தால், அது குறைந்தபட்ச நினைவுநிலை. இதற்கான வரையறை 2002இல்தான் வந்தது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று முடக்கச் சிறை. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் முன்புறம் அடிபட்டால் கை, கால், நாக்கு எல்லாம் செயலிழந்துவிடும். கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டும் முடியும். உள்ளே அறிவு முழுசாக இருக்கும். இவர் கோமாவில் இருக்கிறார் என்று நினைத்து அவர் காதுபடவே பேசக் கூடாததைப் பேசியவர்கள் உண்டு. ஆகவே எந்த நோயாளியிடமும் முதலில் கேட்க வேண்டியது: "மேலே பாருங்கள்."

நினைவின் ஆழத்தைக் கட்டிலருகே எண்ணால் குறிக்க 1974இல் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே செய்யாதவருக்கும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழ் போனால் கோமா என்பது நடைமுறை. மூச்சுக்குழாயில் குழாய் போட்டவரிடம் பேச்சை எப்படி அளப்பது என்ற ஓட்டையை அடைக்க 2005இல் ஃபோர் அளவுகோல் வந்தது. அதில் பேச்சுக்குப் பதிலாக மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களும் மூச்சும் கணக்கில் வருகின்றன.

## படி 2: கம்பி எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் மின்னலையைப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. வெளியிட அவருக்கு 1929 வரை துணிவு வரவில்லை. வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை.

தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு என்ற மின்முனை ஒற்றை நரம்பணுவின் குரலைக் கேட்பதில்லை. மண்டையோட்டுக்கு வெளியே நின்று கேட்கும்போது, புறணியில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் ஏதாவது கேட்கும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, கெட்டிமேளம் மட்டும் கேட்கும். அதே கதைதான். அப்படிக் கேட்கும் சத்தமும் பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். இதயத்தின் மின்னோட்டம் இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் ஈஈஜி தாளில் இதயம் அடிக்கடி மூக்கை நுழைக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பிறக்கிறது. சாதாரண ஈஈஜி புறணியைத்தான் கேட்கிறது. மூளைத்தண்டை நேரடியாகக் கேட்பதில்லை. மூளைச்சாவைப் பேசும்போது இது திரும்ப வரும்.

அலைகளை நொடிக்கு எத்தனை முறை என்ற கணக்கில் பிரிக்கிறார்கள். 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் பின்மண்டையில் ஆல்ஃபா வரும்; கண் திறந்தால் மறையும். ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா வரும். நோயாளியின் தாளில் டெல்டாவைப் பார்த்துவிட்டு "தூங்குகிறார்" என்று ஆறுதல்பட வேண்டாம். தூங்குபவரைத் தட்டினால் டெல்டா கலைந்துவிடும். கோமாவில் பெரும்பாலும் கலையாது.

## படி 3: அலையைப் பார்க்கும் முன் அலையைக் கெடுப்பவற்றைத் தேடுங்கள்

அவசரத்தில் அதிகம் தவறவிடப்படும் படி இது. ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் மருந்துச் சீட்டையும் வெப்பமானியையும் பார்க்க வேண்டும்.

புரோபோஃபால், மிடாசோலம், பார்பிட்யூரேட் போன்ற மயக்க, தூக்க மருந்துகள் அலைகளை மந்தமாக்கும், அளவு கூடினால் தட்டையாக்கவும் செய்யும். பேக்லோஃபென் என்ற தசை இளக்க மருந்தை அளவு மீறி எடுத்தவர்கள் மூளைச்சாவு போலவே கிடந்து பிறகு எழுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிறுநீரகம் கெட்டவருக்குச் செஃபெபிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை வழக்கமான அளவில் கொடுத்தாலே மருந்து தேங்கி நினைவைக் குலைத்துவிடும், நிறுத்தினால் சரியாகும். கல்லீரலும் சிறுநீரகமும் சோர்ந்த உடலில் மருந்து வெளியேற எத்தனை நாள் ஆகும் என்பதைச் சாதாரணக் கணக்கில் சொல்ல முடியாது.

உடல் குளிர்ந்தாலும் இதே கதை. 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க அலைகள் சோர்கின்றன. 18 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலோருக்கு முழு மௌனம். இதய அறுவைச் சிகிச்சையில் உடலை வேண்டுமென்றே இந்த அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, வேலை முடிந்ததும் சூடேற்றுகிறார்கள். அலைகள் திரும்பி வருகின்றன. 1999இல் நார்வேயில் பனிக்கடியில் சிக்கிய ஒரு பனிச்சறுக்கு வீராங்கனையின் உடல் வெப்பம் 13.7 டிகிரி வரை போனது. அவர் பிழைத்து வேலைக்கும் திரும்பினார். குளிர்ந்த உடலை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சர்க்கரை, சோடியம், அம்மோனியா, தைராய்டு என்று சரிபார்க்கும் பட்டியல் நீளும். உடலின் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் முற்றியவருக்கு நரம்புகள் முழுக்கச் செயலிழந்து கண்மணிகூட அசையாமல் போகலாம். ஆனால் ஈஈஜி எடுத்தால் உள்ளே மூளை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஈஈஜியின் மதிப்பு தெரியும் இடம் இது.

## படி 4: கோமாவின் அலைகளை அடையாளம் காணுங்கள்

பரவலான மந்தம்தான் அதிகம் பார்க்கக் கிடைப்பது. ஆல்ஃபா மறைந்து, தீட்டாவும் டெல்டாவும் தலை முழுக்கப் பரவியிருக்கும். மூளை தளர்ந்திருக்கிறது என்பதைத் தவிர இது பெரிதாக எதுவும் சொல்லாது. காரணம் கிருமியா, மருந்தா, ஆக்சிஜன் குறைவா என்று அலை காட்டிக்கொடுக்காது.

மூன்று முகம் கொண்ட அலைகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். ஒரு சிறு எதிர்மின் அலை, ஒரு பெரிய நேர்மின் அலை, மீண்டும் ஓர் எதிர்மின் அலை. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. நெற்றிப் பக்கம் தூக்கலாக இருக்கும். 1950களில் இதைக் கல்லீரல் கோமாவின் முத்திரை என்று எழுதினார்கள். இன்று சிறுநீரகக் கோளாறிலும் மருந்து நஞ்சிலும்கூட இது வருகிறது. காரணம் சரியானால் அலையும் சரியாகும் என்பதால் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் நம்பிக்கைக்கு இடம் உண்டு.

பீட்டா கோமா என்றால் பெரும்பாலும் மருந்து. தூக்க மாத்திரை வகைகள் வேகமான அலைகளை எழுப்பும். சுழல்கதிர் வடிவில் தூக்க அலைகள் வரும் கோமாவும் ஒப்பீட்டளவில் நல்ல அறிகுறி. தலாமஸுக்கும் புறணிக்கும் இடையிலான பாதை அறுந்துவிடவில்லை என்று பொருள்.

ஆல்ஃபா கோமாதான் ஏமாற்றுக்காரன். தாளைப் பார்த்தால் கண்ணை மூடி ஓய்வெடுப்பவரின் அலை போலிருக்கும். ஆனால் பின்மண்டையில் வர வேண்டியது தலை முழுக்க, குறிப்பாக முன்பக்கம் பரவியிருக்கும். கண்ணைத் திறந்துவிட்டாலும் கிள்ளினாலும் மாறாது. இதய நிறுத்தத்துக்குப் பிறகு இப்படி வந்தால் நிலைமை பொதுவாக மோசம். மருந்தால் வந்தால் தேறலாம். முடக்கச் சிறையில் இருப்பவருக்கும் ஆல்ஃபாதான் வரும். ஆனால் அது பின்மண்டையில் இருக்கும், கண் திறந்தால் கலையும். இருவரின் ரிப்போர்ட்டிலும் "ஆல்ஃபா" என்று ஒரே சொல் இருக்கலாம்; ஒருவர் உள்ளே முழு விழிப்போடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அலையின் வேகத்தைவிட அது எங்கே இருக்கிறது, எதற்கு அசைகிறது என்பதுதான் கேள்வி.

வெடிப்பும் அடக்கமும் என்பது இன்னொரு கோலம். சில நொடி அலைகள் கொதித்தெழும், பிறகு சில நொடி மௌனம், மீண்டும் கொதிப்பு. ஆழமான மயக்க மருந்தில் இது எதிர்பார்த்ததுதான். நிற்காத வலிப்பை அடக்க மருத்துவர்களே வேண்டுமென்று இந்த நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. மருந்தே இல்லாமல், இதய நிறுத்தத்துக்குப் பிறகு இது வந்தால் கவலை. அதிலும் ஒவ்வொரு வெடிப்பும் அச்சடித்ததுபோல ஒரே உருவில் வந்தால் மிக மோசம். பாதிக்கப்படாத மூளை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதாது.

## படி 5: கைதட்டிப் பாருங்கள்

ஈஈஜி ஓடும்போது தொழில்நுட்பர் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், காதருகே கைதட்ட வேண்டும், இமையைத் திறந்துவிட வேண்டும், நகத்தில் அழுத்த வேண்டும். அலை ஏதாவது மாறுகிறதா? மந்தமாகலாம், வேகமாகலாம், தணியலாம், மாறினாலே போதும். புறவுலகம் இன்னும் உள்ளே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டில் இந்த எதிர்வினை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். "சோதிக்கப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், எதிர்வினை குறிப்பிடாத ஈஈஜி ரிப்போர்ட்டைப் பாதி ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

## படி 6: ஒளிந்திருக்கும் வலிப்பை விலக்குங்கள்

வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுக்கும் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. உடலில் அசைவே இல்லாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே வலிப்பின் அறிகுறியே இல்லாத 236 கோமா நோயாளிகளில் 8 விழுக்காட்டினருக்கு இடைவிடாத வலிப்பு ஈஈஜியில் அகப்பட்டது. ஈஈஜி எடுக்காமல் இதைப் பிடிக்க வழியே இல்லை. கோமாவுக்கு மருந்து உண்டு என்று சொல்லக்கூடிய சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

20 அல்லது 30 நிமிடப் பதிவு போதாமல் போகலாம். கோமா நோயாளிக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர் பதிவு வைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

## படி 7: இதயம் நின்றவர் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்

இதயம் நின்ற சில நொடிகளில் நினைவு போகிறது. ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் கோடு தட்டையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மூளை செத்துவிடவில்லை, மின்சாரச் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உடல் எடையில் 2 விழுக்காடு இருந்துகொண்டு ஆக்சிஜனில் 20 விழுக்காட்டைத் தின்னும் உறுப்பு அது. வரவு நின்றால் முதலில் பேச்சை நிறுத்துகிறது. சில நிமிடங்கள் கழித்துத்தான் செல்களின் சுவரில் தேங்கியிருந்த மின்னழுத்தம் சரிந்து, அந்தச் சரிவு புறணி முழுக்க மெல்லப் பரவுகிறது. இதை மனிதர்களில் 2018இல் பெர்லினைச் சேர்ந்த டிரையரின் குழு பதிவு செய்து காட்டியது. ரத்த ஓட்டம் உடனே திரும்பினால் அந்தச் சரிவும் மீளக்கூடியதே.

இங்கே ஒரு பக்கவழி. இறக்கும் மூளையில் கடைசியாக ஒரு மின்னல் அடிக்கிறது என்று படித்திருப்பீர்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளின் இதயத்தை நிறுத்தியபோது முதல் அரை நிமிடத்தில் காமா அலைகள் ஓங்கின. 2023இல் அதே குழு, வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட 4 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து இருவரிடம் அதேபோன்ற எழுச்சியைக் கண்டது. அதற்கு முந்திய ஆண்டு 87 வயது முதியவர் ஒருவரின் பதிவும் வெளியானது. அவருக்கு மூளையில் ரத்தக்கசிவும் வலிப்பும் இருந்தன. "சாகும்போது வாழ்க்கை கண் முன்னே ஓடுகிறது" என்று செய்திகள் இதை ஊதின. அந்த நொடியில் அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. காமா என்பது நினைவின் கையெழுத்து அல்ல; வலிப்பிலும் அது வரும்.

மீண்டும் கட்டிலுக்கு வருவோம். இதயத்தை மீட்டெடுத்த பிறகு முதல் சில மணி நேரத்து ஈஈஜி மோசமாக இருந்தால் அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. தட்டையாகத் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் தொடர் அலைகளாக மாறுபவர்கள் உண்டு. அது நல்ல அறிகுறி. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021இல் சொன்னது இது: நோயாளி 72 மணி நேரம் கடந்தும் கோமாவிலேயே இருந்தால், தனித்தனிச் சோதனைகளில் குறைந்தது இரண்டு ஒரே திசையைக் காட்டினால்தான் மோசமான முடிவை எதிர்பார்க்கலாம். கண்மணியும் கருவிழியும் எதிர்வினை காட்டாதது, கை நரம்பைத் தூண்டினால் புறணியில் வர வேண்டிய சமிக்ஞை இருபுறமும் வராதது, 24 மணி நேரத்துக்குப் பிறகும் மிக மோசமான ஈஈஜி, ரத்தத்தில் நரம்பணுச் சிதைவைக் காட்டும் என்எஸ்இ அளவு, தொடர் தசைத்துடிப்பு, ஸ்கேனில் பரவலான சேதம் ஆகியவை அந்தச் சோதனைகள். ஒற்றை ஈஈஜியைக் காட்டி "இனி ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால், "இரண்டாவது சோதனை எது?" என்று கேளுங்கள்.

## படி 8: அசையாதவர் கேட்கிறாரா என்று தேடுங்கள்

2006இல் ஏட்ரியன் ஓவனும் அவர் குழுவும் கேம்பிரிட்ஜில் ஒரு 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் படுக்க வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு அவர் எதிர்வினையற்ற விழிப்புநிலையில் இருந்தார். "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றதும் அவர் மூளையில் அசைவுகளைத் திட்டமிடும் பகுதி ஒளிர்ந்தது. "வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினையுங்கள்" என்றதும் இடமறியும் பகுதிகள் ஒளிர்ந்தன. நலமாக இருப்பவரின் மூளை செய்வதும் அதேதான். அந்தப் பெண் அங்கே இருந்தார்.

ஸ்கேனுக்கு எல்லோரையும் கொண்டுபோக முடியாது. ஈஈஜியைக் கட்டிலுக்கே கொண்டுவரலாம். 2019இல் கிளாசென் குழு, மூளையில் புதிதாக அடிபட்டு எந்தக் கட்டளைக்கும் அசையாத 104 பேரிடம் "கையைத் திறந்து மூடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அலைகளைக் கணினியால் அலசியது. 16 பேருடைய மூளை கட்டளையைப் பின்பற்றியது, கைதான் அசையவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த 16 பேரில் 44 விழுக்காட்டினர் குறைந்தது 8 மணி நேரம் தனியாகச் சமாளிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 14 விழுக்காடுதான். 2024இல் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நான்கில் ஒருவரிடம், இந்த மறைந்திருக்கும் அறிவு தென்பட்டது.

இன்னொரு வழி, மூளையைக் காந்தத்தால் ஒரு தட்டு தட்டி எதிரொலியைக் கேட்பது. நினைவுள்ள மூளையில் எதிரொலி பல இடங்களுக்குச் சிக்கலாகப் பரவும். நினைவில்லாத மூளையில் தட்டிய இடத்திலேயே அடங்கும், அல்லது எல்லா இடத்திலும் ஒரேமாதிரி பரவும். இத்தாலியின் மாசிமினி குழு இந்தச் சிக்கலை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணாக மாற்றியது, 0.31க்கு மேல் இருந்தால் நினைவின் அடையாளம். இது இன்னும் ஆய்வுக்கூடங்களில்தான் அதிகம்.

கருவிகளுக்கு முன்னால் பொறுமையான பரிசோதனை வேண்டும். நிபுணர் குழு சாதாரணமாகப் பார்த்து "அறிவில்லை" என்று முடிவு செய்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம், முறையான அளவுகோலால் பார்த்தபோது அறிவின் அடையாளம் இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒருமுறை பார்த்தால் போதாது. காலையில், மாலையில், வேறு நாளில் என்று பல முறை பார்க்க வேண்டும்.

## படி 9: மூளைச்சாவை ஈஈஜியில் தேடாதீர்கள்

1959இல் பாரிஸில் மொலாரே, குலோன் என்ற மருத்துவர்கள் வென்டிலேட்டரில் இருந்த 23 பேரைப் பற்றி எழுதினார்கள். கோமாவையும் தாண்டிய நிலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கான வரையறையில் தட்டையான ஈஈஜியை உறுதிப்படுத்தும் சான்றாகச் சேர்த்தது. 1976இல் பிரிட்டன் வேறு பாதையில் போனது: மூளைத்தண்டு செத்துவிட்டதா என்பதே கேள்வி, ஈஈஜி தேவையில்லை. பிரான்சில் இன்றும் இரண்டு தட்டையான ஈஈஜியோ ரத்தநாளப் படமோ வேண்டும். நாட்டுக்கு நாடு காகிதம் மாறினாலும் கட்டிலருகே செய்யும் பரிசோதனையின் சாரம் ஒன்றுதான்.

முதலில் முன்நிபந்தனைகள். மீள முடியாத காரணம் தெரிந்திருக்க வேண்டும். உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் குறையக் கூடாது, மேல் ரத்த அழுத்தம் 100க்குக் குறையக் கூடாது. மயக்க மருந்தும் தசையை முடக்கும் மருந்தும் வெளியேறியிருக்க வேண்டும். இதய நிறுத்தத்துக்குப் பிறகென்றால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன எல்லாம் இங்கே சட்டமாகிறது.

பிறகு மூளைத்தண்டை மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்க்கிறார்கள். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா? கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா? தலையைத் திருப்பினால் கண் எதிர்ப்பக்கம் நகர்கிறதா? காதுக்குள் பனிக்குளிர் நீர் விட்டு ஒரு நிமிடம் பார்த்தால் கண் அசைகிறதா? புருவ மேட்டில் அழுத்தினால் முகம் சுளிக்கிறதா? தொண்டையைத் தொட்டால் குமட்டலும், மூச்சுக்குழாயில் உறிஞ்சினால் இருமலும் வருகிறதா? இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் மூளைச்சாவு இல்லை.

கடைசியில் மூச்சு. முதலில் 100 விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றிவைத்து, வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். ஆக்சிஜன் மட்டும் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் மூடிய துணியை விலக்கிவைத்து 8 முதல் 10 நிமிடம் பார்க்கிறார்கள். கரியமில வாயு ரத்தத்தில் ஏற ஏற, மூளைத்தண்டின் மூச்சு மையம் உயிரோடிருந்தால் மூச்சை இழுக்கச் சொல்லும். அந்த வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்கு ஏறி, தொடங்கியதைவிட 20 கூடியும் நெஞ்சு அசையவில்லை என்றால் மூச்சின் ஊற்று வற்றிவிட்டது. பேச்சையும் மூச்சையும் பிரித்துப் பார்த்ததன் பயன் இங்கே வருகிறது.

உறவினர்களை உலுக்கும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மூளைச்சாவு உறுதியான பிறகும் கால் விரல் சுருளலாம், கை மார்பு நோக்கி எழலாம். அது தண்டுவடத்தின் வேலை. மூளைக்கு அதில் பங்கில்லை. இதைச் சொல்லாமல் விட்டு, கை எழுந்ததும் குடும்பம் "உயிர் இருக்கிறது" என்று பதறும் காட்சி தவிர்க்கக்கூடியது.

ஈஈஜி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவு போதாது. குறைந்தது 8 எலக்ட்ரோடு, அவற்றுக்கிடையே 10 சென்டிமீட்டராவது இடைவெளி, 2 மைக்ரோவோல்ட் அசைவையும் காட்டும் உணர்திறன், குறைந்தது 30 நிமிடம், இடையே சத்தமும் வலியும் கொடுத்துப் பார்ப்பது, எல்லாக் கம்பியும் வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. அந்த உணர்திறனில் வென்டிலேட்டரின் அதிர்வு, சலைன் சொட்டு, பக்கத்து இயந்திரத்தின் மின்சாரம் எல்லாம் அலையாகத் தெரியும். 1970களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் அப்டன் என்ற மருத்துவர் ஒரு ஜெல்லிக் கட்டியில் எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவெடுத்தார். தாளில் அலைகள் ஓடின! ஐசியூவின் இரைச்சலைத்தான் ஜெல்லி வாங்கிக் கொடுத்தது.

எதிர்ப்பக்கத்திலும் சறுக்கல் உண்டு. மூளைத்தண்டு மட்டும் பக்கவாதத்தில் செத்தவரின் புறணி இன்னும் சில காலம் அலை விடலாம். புறணி முழுக்க மௌனமாகிவிட்டவர் தானாக மூச்சு விடலாம். அவர் மூளைச்சாவு அடையவில்லை. 2013இல் மான்ட்ரியலில் அம்சிகாவின் குழு, தட்டைக் கோட்டையும் தாண்டிய ஆழத்தில் வேறொரு வகை அலை மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸிலிருந்து எழுவதைப் பூனைகளில் காட்டியது. மருந்தின் கீழ் ஆழ்கோமாவில் கிடந்த ஒரு நோயாளியிடம் பார்த்த விசித்திர அலைகள்தான் அவர்களைத் தேட வைத்தன. இந்தக் காரணங்களால்தான் 2020இல் பன்னாட்டு நிபுணர்களின் உலக மூளைச்சாவுத் திட்டம், பெரியவர்களுக்கு ஈஈஜியை வழக்கமான துணைச் சோதனையாக வைக்க வேண்டாம் என்றது. கட்டிலருகே சோதனைகளை முடிக்க முடியாதபோது, மூளைக்குள் ரத்தம் போகிறதா என்று பார்க்கும் சோதனைகளே மேல்: ரத்தநாளப் படம், கதிரியக்கப் படம், ஒலியலையால் பார்க்கும் டாப்ளர்.

## படி 10: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

கோமா என்றால்: காரணம் தெரியுமா? கடைசியாக மயக்க மருந்து எப்போது போயிற்று, எவ்வளவு? ஈஈஜி எத்தனை மணி நேரம் எடுத்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்களா, வலிப்பு இல்லையென்று உறுதியா? அடுத்தது எப்போது?

மூளைச்சாவு என்று சொன்னால்: மூச்சுச் சோதனை முழுசாக முடிந்ததா? கரியமில வாயு எத்தனைக்கு ஏறியது? உடல் வெப்பம் என்ன? சோதிக்கும்போது நாங்கள் உடன் நிற்கலாமா? இப்படி உடன் நின்று பார்க்க அனுமதிக்கும் இடங்கள் உண்டு. வென்டிலேட்டரைக் கழற்றிய பின் அந்தப் பத்து நிமிடம் அசையாத நெஞ்சைப் பார்ப்பது எந்தத் தாளையும்விடத் தெளிவாகப் பேசும். எல்லோராலும் தாங்க முடியாது, மறுப்பதிலும் தவறில்லை.

இன்னொரு கேள்வியும் வரும், சில நாள் கழித்து: சான்றிதழில் என்ன நேரம் எழுதுவார்கள்? பல வழிமுறைகளில், மூச்சுச் சோதனையின் ரத்த மாதிரியில் கரியமில வாயு அந்த அளவை எட்டியதாக முடிவு வந்த நேரம்தான் இறந்த நேரம். பிரிட்டனில் இரண்டு முறை சோதித்தாலும், முதல் சோதனை முடிந்த நேரத்தை எழுதுகிறார்கள். இதயம் அதற்குப் பிறகு சில மணி நேரமோ சில நாளோ துடித்திருக்கலாம். அந்தத் துடிப்புக்கு சான்றிதழில் இடமில்லை.